பயத்தைப் பாடம் கேட்டவர்

அவரிடம் போனவர்கள் எல்லாரும் நோயாளியாகப் படியேறி வாத்தியாராகப் படியிறங்கினார்கள். இதை அவரிடமே ஒருமுறை சொன்னேன். "நோயாளின்னு சொல்லாதீங்கண்ணே. எங்கிட்ட ஊசியும் கெடையாது, மாத்திரையும் கெடையாது" என்றார். வாத்தியார் என்பதை மறுக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் ஓர் உரக்கடை. அதன் மாடியில் நீளமாக ஓர் அறை. கீழேயிருந்து யூரியா வாசம் நமக்கு முன்னால் படியேறிப் போய் நிற்கும். 'மன ஆலோசனை, மனப் பயிற்சி' என்று வெளியே போர்டு. அதைப் பார்த்து யோகா வகுப்பு என்று பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. போலீஸ் செலக்‌ஷனுக்குக் கோச்சிங்கா என்று விசாரித்தவர்கள் உண்டு. பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற இடம் என்று முடிவுகட்டி எதிர்ச்சாரியில் நடந்து போனவர்களும் உண்டு. நான் கடைசி ரகம். தெருவில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று உரக்கடையில் ஒரு பை வேப்பம்பிண்ணாக்கு வாங்கிக்கொண்டுதான் முதல்முறை படியேறினேன். எங்கள் வீட்டில் செடியும் இல்லை, கொடியும் இல்லை.

அவர் நைனார்பாளையம் பக்கத்துப் பெண். மரவள்ளியும் மக்காச்சோளமும் போட்ட குடும்பம். சென்னையில் படித்துவிட்டு, அங்கே விளையாட்டுக்காரர்களுக்கெல்லாம் மனப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், ஏனோ ஊர்ப்பக்கம் திரும்பி வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். காட்டன் புடவை, கைக்கடிகாரத்தின் முகம் உள்ளங்கைப் பக்கம். செருப்பை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். டீ ஆறிக்கொண்டே இருக்கும். அவர் அதைக் குடித்து நான் பார்த்ததில்லை.

நமக்கு என்ன கஷ்டம் என்று அவர் கேட்கமாட்டார். "எனக்கு அத்த சொல்லிக்குடுங்க" என்பார். "எனக்கும் உங்கள மாதிரியே வரணும்னா மொதல்ல இன்னா பண்ணணும்?" நாம் திருதிருவென்று விழித்துவிட்டு ஏதாவது சொல்லுவோம். "அப்புறம்?" என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து வார்த்தை பிடுங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

எங்கள் பஸ் கண்டக்டர் மணியின் அக்கா மகள் கபடி ஆடுகிறவள். தியாகதுருகத்தில் அவள் கல்லூரிக் குழுவுக்கு அவள்தான் முக்கியமான ரைடர். நடுக்கோட்டைத் தாண்டியதும் குரல் செத்துவிடும். 'கபடி' என்பதில் பாதி தொண்டையிலேயே நிற்கும். மூச்சு விட்டால் அவுட். மணி அவளை அங்கே அழைத்துப்போனான். மறுநாள் உரக்கடைக்காரர் மாடியைப் பார்த்துக் கத்தினாராம், கூரையில் இருந்து சுண்ணாம்பு உதிர்கிறதென்று. மேலே அம்மணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்பீஸால் கோடு கிழித்து, 'கபடி கபடி' என்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு சிரிப்புப் போய் எரிச்சல் வந்திருக்கிறது.

"அப்படி இல்லக்கா. நீங்க கோட்டுகிட்ட நின்னு மூச்ச இழுத்துக்கினு அப்புறம் போறீங்க. பாடிக்கினே போவணும், நிக்கவே கூடாது."

"நீ அப்படித்தானே போற?"

"நான்..." என்றவள் அங்கேயே நின்றுவிட்டாள். கோட்டருகில் தன் கால் ஒரு நொடி நிற்பது அவளுக்கு அதுவரை தெரியாது. அடுத்தவரைத் திருத்தப் போனபோதுதான் தெரிந்தது.

அரிசி ஆலை வைத்திருந்த பெரியவர் ஒருவர் கதையும் இப்படித்தான். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வீடு வந்து, திரும்பப் போய் இழுத்துப் பார்த்து, சோற்றில் கை வைத்ததும் மறுபடி எழுந்து போகிறவர். அம்மணி அவர்கூடவே ஆலைக்குப் போய்ப் பாடம் கேட்டார். "லேசா இழுக்கணுமா, பலமாவா? காதுல கேக்கணுமா, கையில தெரியணுமா?" பெரியவர் கறாரான வாத்தியார். தப்பாக இழுத்தால் திட்டுவார். ஒரு நாள் இவர் இழுத்ததைப் பார்த்து, "ம், சரி" என்று சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் காலையில்தான் அவருக்கு உறைத்தது, இன்னொருத்தி இழுத்ததை நம்பித் தூங்கியிருக்கிறோம் என்று. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் மாடிக்கு வந்து நாற்காலிகளைத் துடைத்து வைத்துவிட்டுப் போவார்.

எல்லாரிடமும் இது பலித்தது என்று சொன்னால் பொய். புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் அவர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். "இத்த போய் சொல்லிக்குடுப்பாங்களா? நீ பொம்பளதானா?" என்று அவள் எழுந்துவிட்டாள். இவர் மன்னிப்புக் கேட்டார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன், என் காதால் கேட்டேன். சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண் மடியில் கொண்டுவந்திருந்த வேர்க்கடலையை வாங்கித் தரையில் கொட்டி, எதிரே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளும் உட்கார்ந்து உரித்தாள். அன்று சாயங்காலம் வரை அங்கே வேறு ஒன்றும் நடக்கவில்லை. நானும் என் பிண்ணாக்குப் பையோடு திரும்பி வந்துவிட்டேன்.

இனி என் கதை. நான் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குப் போகிற ஒரு தனியார் மினி பஸ்ஸின் டிரைவர். ஊரில் எனக்கு வேறு பெயர் கிடையாது, 'மலை பஸ்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். தரையில் எவன் வேண்டுமானாலும் ஓட்டுவான். மலையில் ஓட்டுகிறவன்தான் டிரைவர் என்கிற திமிர் எனக்கு உண்டு, இன்றும் உண்டு.

கரியாலூருக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் பெரிய பலாமரம் நிற்கும். ஒரு மழை நாளில் மேலேயிருந்து கட்டுப்பாடு இல்லாமல் வந்த லாரிக்கு ஒதுங்கப்போய், எங்கள் வண்டியின் பின்சக்கரம் மண்சரிவில் இறங்கித் தொங்கியது. எல்லாரையும் முன்பக்கமாக இறக்கிவிட்டேன். உயிர் போகவில்லை. கடுக்காய் வாங்கி விற்கிற அம்மா ஒருவருக்கு மட்டும் கை முறிந்தது. மலைச்சனம் மொத்தமும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. நான்தான் காப்பாற்றினேனாம்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கெட்ட காலம். பலாமரம் நெருங்கினால் உள்ளங்கை வேர்த்து ஸ்டேரிங் வழுக்கும். கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். டயரைப் பார்க்கிறேன் என்று வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி நிற்பேன். மந்திரித்துத் திருநீறு போட்டார்கள், கையில் கயிறு கட்டினார்கள். முனியப்பன் கல்லுக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்து ஏற்றுவது எல்லா மலை வண்டிக்கும் வழக்கம்தான். என் வண்டிக்கு மட்டும் சனம் தேங்காயும் சேர்த்து உடைத்தது. கடைசியில் ஒரு நாள் வளைவுக்கு முன் இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. வேறு வண்டி டிரைவர் வந்து ஓட்டிப்போனார்.

முதலாளி என்னை ரிஷிவந்தியம் ரூட்டில் போட்டார். நல்ல சமதரை. "ஆடி வரைக்கும் பாக்கறேன்பா. ஆடியில மலைக்குக் கூட்டம் ஜாஸ்தி. அதுக்குள்ள நீ ஏறலன்னா அந்த வண்டிக்கு நெரந்தரமா வேற ஆளு" என்றார். வீட்டில் அவளுக்குச் சந்தோஷம். "தரையிலயே ஓட்டு. உசுரோட வூடு வந்து சேந்தா போதும்" என்றாள். அவளிடம் என்ன சொல்வது? கரும்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து ரிஷிவந்தியம் போய்த் திரும்பும்போது நான் உயிரோடுதான் இருந்தேன், ஆனால் அது நான் இல்லை. மலை ஏற வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அம்மணியிடம் நான் எடுத்த எடுப்பிலேயே சண்டை போட்டேன். "பயத்த சொல்லிக்குடுக்கணுமா? நான் அத்த போக்கிக்க வந்தா நீங்க இன்னா, வாங்கிக்கறேன்றீங்க?"

"வாங்கிப் பாத்தாத்தானே இன்னான்னு தெரியும். வண்டி எங்க நிக்குது?"

நாற்காலிகளை ஜோடி ஜோடியாகப் போடச் சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை, அரிசி ஆலைக்காரர் இருந்தார். மணியும் கபடிப் பெண்ணும் இருந்தார்கள். எல்லாரும் பயணிகள். அம்மணி சாப்பாட்டுத் தட்டு ஒன்றை ஸ்டேரிங்காகப் பிடித்துக்கொண்டு முன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். இந்தக் கூத்தை என் முதலாளி பார்த்திருந்தால் ரிஷிவந்தியம் ரூட்டும் போயிருக்கும்.

"அடிவாரத்து டீக்கடைய தாண்டிட்டோம்" என்றேன்.

அவர் தட்டைப் பிடித்த கை நடுங்கியது. பார்க்க நிஜம் போலவே இருந்தது.

"இப்போ இல்லீங்க. இன்னும் தூரம் இருக்குது."

"சரி. எப்போன்னு சொல்லுங்க."

கியர் மாற்றினார், தப்பாக மாற்றினார். திட்டினேன். ஏறினோம். மறுபடி கை நடுங்கியது.

"கை அப்புறம்தாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்குது."

"இன்னாது?"

"காது" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

"காதா? அப்புறம்?"

"மரம் வர்றதுக்கு முன்னாடியே மணி பாட்ட நிறுத்திடுவான். பேசிக்கினு இருக்கறவங்க பேச்ச நிறுத்திடுவாங்க. கொழந்த அழுதா வாயப் பொத்துவாங்க. கடுக்காயம்மா கண்ண மூடிக்கினு கும்பிடும். மொத்த வண்டியும் மூச்ச அடக்கிக்கினு என் முதுகையே பாத்துக்கினு இருக்கும். அப்போதாங்க கை வேர்க்கும்."

மணியின் முகம் சுண்டிவிட்டது. "நான் உனக்காகத்தாண்ணே நிறுத்தினேன். நீ நிம்மதியா ஓட்டட்டும்னு."

அம்மணி தட்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "இத்தன பேரும் நல்லவங்களா இருக்கறதுதான் உங்க பிரச்சன போல" என்றார். அரிசி ஆலைக்காரர்தான் முதலில் சிரித்தார்.

பாட்டை நிறுத்தாதே என்று மணியிடம் சொன்னால் முடிந்தது என்று நான் நினைத்தேன். அம்மணி விடவில்லை. "எனக்குச் சொல்லிக்குடுத்துட்டீங்க. வண்டியில இருக்கறவங்களுக்கு யாரு சொல்லிக்குடுக்கறது?"

"டிரைவருக்குப் பயம்னு டிரைவரே சொன்னா எவன் ஏறுவான்?"

"தெரியலண்ணே" என்றார். அவருக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். அதனால்தான் எனக்குக் கோபம் வரும்.

ஆடி பிறக்கப்போகிற வாரம். முதலாளியிடம் கேட்டு ஒரு நாள் மலை டிரிப் வாங்கினேன். காலையில் அம்மணியும் வந்து ஏறினார். என் பின்னால் ஒரு பெரிய பலம் உட்கார்ந்திருக்கிற மாதிரி கச்சிராயபாளையம் தாண்டினேன். அடிவாரத்தில் வண்டி நின்றதும் அவர் இறங்கிவிட்டார்.

"நீங்க வர்லியா?"

"நான் வந்தா நானும் உங்க முதுகையேதான் பாத்துக்கினு இருப்பேன். பாக்கறவங்கள்ல ஒரு ஆளு கம்மியாவட்டும். நான் டீக்கடையில இருக்கேன்."

நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போகிறாளே என்று மனதுக்குள் மரியாதை இல்லாமல் திட்டினேன். ஆனால் இறங்கவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கியது, ஏற்றினேன்.

மணி பாட்டைப் பெரிதாக வைத்தான். பாதி மலையில் அவன் ஸ்பீக்கர் கரகரத்து நின்றுவிட்டது. தட்டினான், உலுக்கினான், வரவில்லை. பலாமரம் தெரிந்தது. பின்னால் ஒவ்வொரு பேச்சாக அணைந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கடுக்காயம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

எனக்கு வேறு வழியில்லை. வாயைத் திறந்தேன்.

"எல்லாருக்கும் சொல்றேன், கேட்டுக்கங்க. நீங்க பேச்ச நிறுத்தினா எனக்குப் பயமா இருக்குது. இப்போ கை வேர்க்கும். இதோ வேர்க்குது. அடுத்தது காலு பிரேக்குக்குப் போவும். இதோ போவுது. நான் எடுத்துடறேன். ஆனா நீங்க பேசணும்."

யாரும் பேசவில்லை. என் வேலை போயிற்று என்று நினைத்தேன். அப்போது கடுக்காயம்மா கண்ணைத் திறந்தார்.

"ஏம்பா, எங்கைய ஒடச்ச வண்டி இது. கட்டுப் பிரிச்சதும் மொத ஆளா ஏறினவ நானு. எனக்கே பயமில்ல, ஒனக்கு இன்னா கேடு?"

"பேசுங்கம்மா."

"பேசறதா? மழ வந்தா ஒழுவுற வண்டி. சீட்டுல ஆணி. புதன்கெழம ஆனா வர்றதில்ல. நான் மூட்டைய வெச்சிக்கினு வெயில்ல நிக்கறேன், இவரு டயரப் பாக்கறாராம் டயர. நான் பேச ஆரம்பிச்சா நாறிப்பூடும், ஆமா."

அதற்குள் பின்சீட்டில் ஒருவர், ஆணி என் சீட்டிலும்தான் என்றார். இன்னொருவர் மணி சில்லறை தருவதில்லை என்றார். வண்டியில் சந்தைக்கூச்சல். கண்ணில் நீர் முட்ட, வாய் சிரிக்க, கியரைப் போட்டேன். விபத்து நடந்ததிலிருந்து என்னை ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த அம்மாவின் கையைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் திட்டைத்தான் எதிர்பார்த்திருக்கிறேன் போல. பயம் போகவில்லை. வேர்த்த கையோடுதான் ஸ்டேரிங்கை ஒடித்தேன். பலாமரம் ஜன்னலில் வந்து பின்னால் போனது.

திரும்பி இறங்கி அடிவாரத்துக்கு வந்தபோது அம்மணி டீக்கடையில் மாஸ்டரிடம் டீ ஆற்றக் கற்றுக்கொண்டிருந்தார். புடவை முழுக்க டீ. ஏறினீர்களா என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டார். "இன்னா பேசினாங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ஆணி கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த டிரிப்புக்கு அவரே வந்து ஏறினார், முன் சீட்டில். எனக்கு ஆச்சரியம், அவர் பேச ஆரம்பித்தார். மாடியறையில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர் மரவள்ளியில் மாவுப்பூச்சி வந்ததைப் பேசினார், சென்னையில் வாடகை வீட்டுக்காரியைப் பேசினார், மூச்சு விடாமல் பேசினார். முதல் வளைவு தாண்டியதும் பேச்சு குறைந்தது. அடுத்த வளைவில் நின்றுபோனது. கண்ணாடியில் பார்த்தேன். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். சாப்பாட்டுத் தட்டைப் பிடித்திருந்த கையில் அன்று பார்த்தேனே, அதேதான். அன்று அவர் நடிக்கவில்லை.

"மலைன்னா பயமாங்க?"

"சின்ன வயசுலேர்ந்து" என்றார். "இதுவரைக்கும் ஏறினதில்ல. கீழ டீக்கடையில உக்காந்துக்கினு, ஏறணும்னு முடிவு பண்ணேன்."

இறக்கிவிடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. மணியைப் பார்த்துக் கத்தினேன், ஒருத்தரும் வாயை மூடக் கூடாதென்று. வண்டி பழையபடி சந்தையானது. பலாமரம் தெரிந்தது. என் உள்ளங்கையும் வேர்த்திருந்தது.

"அம்மா, எனக்குச் சொல்லிக்குடுங்க. உங்க பயம் எனக்கு வரணும்னா எங்க ஆரம்பிக்கணும்?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு, "கால்ல" என்றார். "பாதத்துக்குக் கீழ தரையே இல்லாத மாதிரி."

நான் ஸ்டேரிங்கை ஒடித்துக்கொண்டே, "அப்புறம்?" என்றேன்.